பின்லாந்துக்காரர்ட மீன்பிடித் தீவு மாதிரி நம்மட ஊரையும் பதிஞ்சு வைக்க ஏலுமா?

நாவலடியான்:

வணக்கம் எல்லாருக்கும், கொஞ்சம் நீளமா வரும் பொறுத்துக்கொள்ளுங்க. நாங்க நாவலடி ஆக்கள், சுனாமிக்குப் பிறகு திராய்மடுவில இரிக்கம். ஊர் தெரியாதவங்களுக்குச் சொல்றன், மட்டக்களப்பு கல்லடிக்கு அங்கால ஒரு பக்கம் கடல் மறுபக்கம் வாவி, நடுவில ஒரு கீலம் மண், அதுதான் நாவலடி. 2004 டிசம்பர் 26 என்ன நடந்திரிக்கும் எண்டு அந்த இடத்தைப் பாத்தாலே விளங்கும். மிச்சம் இருந்த ஆக்களையும் கரையில இருந்து 200 மீட்டருக்குள்ள வீடு கட்டக்கூடாது எண்டு சொல்லி உள்ளுக்குக் கொண்டு வந்து குடியேத்தினாங்க, மறுகா அந்தச் சட்டம் தளர்ந்து போச்சு, ஆனா வந்தவன் வந்தவன்தான். அங்க இப்ப நினைவுத்தூபி இரிக்கி, வருசா வருசம் போய் விளக்கு வைக்கிறம். ஆனா அந்த ஊர் எப்படி வாழ்ந்த ஊர் எண்டு சொல்லுறதுக்கு ஒரு இடமும் இல்ல. செத்த நாளை மட்டும்தான் கல்லில எழுதி வெச்சிரிக்கம்.

இப்ப எங்கட இளைஞர் கழகத்தில நாலஞ்சு பேர் சேர்ந்து ஏதாவது செய்வம் எண்டு நிக்கிறம். வெளிநாட்டில இருக்கிற நம்மட ஊர்க்காரர் ஒருத்தர் காசு தாறன் எண்டும் சொல்லிட்டார், ஆனா அவருக்கு கட்டிடம்தான் வேணுமாம், டைல்ஸ் போட்டு கண்ணாடி அலுமாரி வெச்சு முன்னுக்கு மீன் சிலை ஒண்டு. எனக்கு அதில பெரிசா மனசு போகல்ல, ஆனா வேற என்ன செய்யிற எண்டு கேட்டா என்னட்ட பதிலும் இல்ல.

யூடியூப்ல சும்மா பாத்துக்கொண்டு போகக்குள்ள கனடாவில மால்கம் தீவு எண்டு ஒண்டைப் பத்தி வந்திச்சு, சொயின்டுலா எண்டு ஊர். பின்லாந்தில இருந்து வந்த சனம் நூறு வருசத்துக்கு முந்தி குடியேறி மீன்பிடிச்சு வாழ்ந்த தீவாம், இப்பவும் சின்ன ஊர்தானாம் ஆனா மியூசியம், பழைய வலை, பழைய போட், பழைய கடை எல்லாம் வெச்சிரிக்காங்க. பாத்தோண்ண கொஞ்சம் பொறாமையாவும் இருந்திச்சு.

யாராவது அங்க போயிரிக்கிங்களா? அவங்க எதில இருந்து தொடங்கினவங்க? நாம முதல்ல எதைப் பிடிக்கிற, கட்டிடமா சாமானா இல்ல ஆக்கள்ட கதையா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க. "நல்ல முயற்சி வாழ்த்துக்கள்" மட்டும் போட்டுட்டுப் போகாம.

குளிர்தேசத்து மட்டு:

தம்பி நான் வன்கூவர் பக்கம் இரிக்கிறன், சொந்த ஊர் களுவாஞ்சிக்குடி. அந்தத் தீவுக்குப் போயிரிக்கன். லேசில போற இடமில்ல, முதல்ல ஃபெரி எடுத்து நனைமோ, அங்க இருந்து வடக்கால நாலு மணித்தியாலத்துக்கு மேல காரில காட்டுக்குள்ளால ஓடி போர்ட் மக்னீல், மறுகா இன்னொரு சின்ன ஃபெரி. அங்க போய் மியூசியத்தில இருந்த அம்மா ஒராளோட கனநேரம் கதைச்சன், வந்து கொஞ்சம் வாசிச்சும் பாத்தன். அதால தெரிஞ்சதச் சொல்றன்.

முதல் விசயம், வீடியோவில பாக்கிற மாதிரி அது அழகான கதை இல்ல. அந்த பின்லாந்து ஆக்கள் முதல்ல மீன்காரரே இல்ல. நனைமோ பக்கத்தில நிலக்கரிச் சுரங்கத்தில மாடா உழைச்ச கூலிகள். இதுக்குள்ள கிடந்து சாகிறதவிட நமக்கெண்டு ஒரு ஊர் கட்டுவம் எண்டு சொல்லி, மத்தி குரிக்கா எண்டு ஒரு பத்திரிகைக்காரர், அவர் அந்நேரம் அவுஸ்திரேலியாவில, அவருக்குக் கடிதம் போட்டு கூப்பிட்டாங்க. அவர் வந்து பின்லாந்து பாசையில பேப்பர் நடத்தினார், கம்பனி ஒண்டு பதிஞ்சாங்க, 1901இல அரசாங்கத்தோட ஒப்பந்தம் போட்டு மால்கம் தீவை எடுத்தாங்க. எல்லாம் பொது, தனிச்சொத்து இல்ல, பொம்புளைகளுக்கும் சம உரிமை. கேக்க நல்லாத்தான் இரிக்கி.

1903 ஜனவரியில எல்லாரும் சேர்ந்து இருந்த பெரிய மரக்கட்டிடம் நெருப்புப் பிடிச்சு 11 பேர் செத்தாங்க, கூடுதலா பிள்ளைகள். கடன் கழுத்து மட்டும். கடனை அடைக்க வடக்கு வன்கூவரில பாலம் கட்டுற கொந்தராத்து ஒண்டை மிச்சம் குறைஞ்ச விலைக்கு எடுத்து, மாசக்கணக்கா வேலை செய்தும் கையில ஒண்டும் மிஞ்சல்ல. அதுக்குள்ள குரிக்கா கலியாண முறையப் பத்தி எழுதின எழுத்தால ஊரே ரெண்டாப் போய், 1904இல அவர் பாதிச் சனத்தோட தீவை விட்டுட்டே போயிட்டார். 1905இல கம்பனி கலைஞ்சு போச்சு. சரியா நாலு வருசம் கூட இல்ல.

மிச்சம் நிண்ட சனம்தான் மறுகா மீன்காரரா மாறினது. சால்மன் மீன், கில்நெட் (செவுள் வலை), கனரி (மீனை டின்னில அடைக்கிற ஆலை). அதால இப்ப அவங்க "பாரம்பரியம்" எண்டு சொல்லுற மீன்பிடி, கனவு உடைஞ்சதுக்குப் பிறகு வயித்துக்காகத் தொடங்கினது. அந்த நெருப்பு, கடன், சண்டை எல்லாத்தையும் அவங்க மறைக்கல்ல, எல்லாம் மியூசியத்தில இரிக்கி. அந்த அம்மா அந்த நெருப்பைப் பத்தி நேத்து நடந்த மாதிரி சொன்னா. நம்மட ஆக்கள் எண்டா அதை விட்டுட்டு ஸ்தாபகர்ட போட்டோவுக்கு மாலை போட்டிருப்பம்.

நீங்க கேட்ட கேள்விக்கு வாறன். மியூசியம் பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்தில, புதுசா கட்டினது இல்ல. ஊர் ஆக்கள் சும்மா வந்து வேலை செய்யிறாங்க. உள்ளுக்கு வலை பின்னுற சாமான், மிதவை, போட்டில இருந்து கழட்டின சாமான், அடுப்படிப் பாத்திரம், பின்லாந்துப் புத்தகம், போட்டோ எண்டு நிறைஞ்சு வழியுது. ஆனா உண்மையச் சொன்னா எனக்குப் பிடிச்சது மியூசியம் இல்ல, கடை. 1909இல சனம் சேர்ந்து தொடங்கின கூட்டுறவுக் கடை இண்டைக்கும் நடக்குது, அந்த மாகாணத்திலேயே ஆகப் பழைய கூட்டுறவுக் கடை எண்டு சொல்றாங்க. போய் பால் பாண் ஆணி பெயின்ட் எல்லாம் வாங்கலாம். அந்தக் கம்பனி செத்துப்போச்சு, ஆனா சேர்ந்து செய்யிற பழக்கம் அந்தக் கடையில நிண்டுட்டு. அவங்கட பழைய சங்க மண்டபமும் சும்மா பூட்டிக் கிடக்கல்ல, கூட்டம் கொண்டாட்டம் எல்லாம் அதுக்குள்ளதான்.

இன்னொண்டு, 1931இல அந்த ஊர் மீன்காரர் லோரி ஜார்விஸ் எண்டவர் வலை சுத்தி எடுக்கிற உருளை ஒண்டைக் கண்டுபிடிச்சார், எஞ்சினால சுத்தும். அதுக்கு முதல் கையால இழுத்த வலைதான். அது அந்தக் கரை முழுக்கப் பரவிச்சு. அதைச் சொல்லக்குள்ள அந்த அம்மாட முகத்தைப் பாக்கணும். ஒரு மீன்காரன்ட மூளையப் பத்தி ஊரே பெருமைப்படுறது எனக்குப் புதுசா இருந்திச்சு. நம்மட பக்கம் வலையில எத்தினை மாத்தம் செய்திருப்பாங்க, ஒருத்தன்ட பேராவது எழுதி வெச்சிரிக்கமா?

கடைசியா ஒண்டு சொல்லிட்டுப் போறன். அந்தத் தீவு வெறும் தீவு இல்ல, குவாக்குவாக்காவாக் பழங்குடி மக்கள்ட நிலம். அதே ஃபெரி போற மத்தத் தீவில அலர்ட் பே எண்டு ஊர், அங்க உமிஸ்தா எண்டு அவங்கட பண்பாட்டு நிலையம் இரிக்கி. 1921இல அவங்கட பொட்லாச் சடங்கு ஒண்டைச் சட்டவிரோதம் எண்டு சொல்லி முகமூடி செப்புத்தகடு எல்லாத்தையும் அரசாங்கம் பறிச்சு எடுத்தது, அதில கொஞ்சத்தைத் திருப்பி வாங்கி 1980இல அதைத் திறந்தாங்க. ரெண்டு தீவையும் ஒரே நாளில பாத்தா மண்டை கொஞ்சம் சுத்தும். போனா ரெண்டையும் பாருங்க.

நிந்தவூர் காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். கனடாக் கதை நல்லாரிக்கி. தம்பி நாவலடியான், நான் கரைவலைக் குடும்பம், வாப்பா மூத்தவாப்பா எல்லாம் கடல்தான், நான்தான் கடை போட்டு மேல ஏறி இரிக்கன். ஒங்கட கேள்விக்கு என்ட பதில், கட்டிடத்த விடுங்க, இப்ப கடல்ல கிடக்கிற தொழிலப் பதியுங்க.

ஏன் செல்லுறன் எண்டா, சாமான் போனாலும் எங்காவது ஒண்டு கிடைக்கும், தொழில் தெரிஞ்ச மனிசன் மவுத்தானா மறுகா ஆருட்ட கேக்கிற? கரைவலைய எடுங்க. வெளிய இருந்து பாக்கிறவனுக்கு நாப்பது பேர் கயிறு இழுக்கிறாங்க அவ்வளவுதான். ஆனா தோணி எந்த இடத்தில வலைய விடத் தொடங்குற, நீரோட்டம் வடக்க இழுக்குதா தெக்க இழுக்குதா, அதுக்கேத்த மாதிரி மத்தக் கயித்தக் கரையில எங்க கொண்டு வந்து குடுக்கிற, ரெண்டு பக்க ஆக்களும் எப்ப நெருங்கி வாற, மடி கரைக்கு வரக்குள்ள ஆரு தண்ணிக்குள்ள இறங்கி அடியக் கால்ல மிதிச்சுப் புடிக்கிற, இதெல்லாம் பேப்பர்ல இல்ல. வலைக்குத் தலைவரா நிக்கிற தண்டயல் கடலப் பாத்து நிறத்த வெச்சே வாறது கீரி மீனா சூடை மீனா எண்டு செல்லுவார், நான் கண்ணால கண்டிரிக்கன்.

பாடு முறையும் முக்கியம், பாடு எண்டா வலை விடுற இடம். எந்தப் பாடு ஆருக்கு, இண்டைக்கு ஆரு முதல் வலை, ஒருத்தன்ட வலை கடல்ல கிடக்கக்குள்ள மத்தவன் எவ்வளவு நேரம் பொறுக்கணும், பங்கு எப்பிடிப் பிரிக்கிற, இழுத்து முடியிற நேரம் வந்து நிக்கிற ஏழை எளியதுக்குக் கறிக்கு எவ்வளவு, வயசு போய் இழுக்க ஏலாதவனுக்கு என்ன. கனடாவுல கூட்டுறவுக் கடை எண்டு பெருமையா செல்லுறீங்க, இதுவும் கூட்டுறவுதான், ஆனா ஒருத்தரும் எழுதல்ல. இப்ப வின்ச் வந்திட்டு, டிரக்டர்ல பூட்டி இழுக்கிறாங்க, அதால நாப்பது பேர் தேவையில்ல, நாப்பது பேர் இல்லாட்டி அம்பாவும் இல்ல. இழுக்கிற மூச்சுக்குத்தான் அந்தப் பாட்டு, இயந்திரத்துக்கு எதுக்குப் பாட்டு. மேடையில படிக்கிற அம்பாவ ஒருக்காக் கேட்டன், எல்லாரும் வெள்ளச் சாரம் உடுத்துக்கு நிண்டு படிச்சாங்க, ஒருத்தனுக்கும் வேர்க்கல்ல.

சுனாமி எங்கட அம்பாறைக்குத்தான் ஆகக் கூடின அழிவு, பத்தாயிரத்துக்கும் மேல சனம். கரையில இருந்த தோணி வலை எல்லாம் போச்சு. பிறகு நிறுவனங்கள் வந்து பைபர் போட் குடுத்தாங்க, குடுத்தவங்களுக்கு அல்லா நல்லது செய்யட்டும், ஆனா அதோட மரத்தோணி செய்யிற ஓடாவிக்கு வேலை இல்லாமப் போச்சு. இப்ப மரத்தோணி தெரிஞ்ச ஓடாவிமார் ரெண்டொரு பேர்தான், அவங்களும் கதவு ஜன்னல் செய்யிறாங்க. ஒங்கட வெளிநாட்டுக்காரர் தாற காசுல டைல்ஸ் போடாம ஒரு ஓடாவியப் புடிச்சு ஒரு தோணி செய்யச் செல்லி, மரம் அறுக்கிறதுல இருந்து கடல்ல இறக்கிற மட்டும் வீடியோ எடுங்க. தோணியும் மிஞ்சும் கதையும் மிஞ்சும்.

ஒரு சின்ன வேண்டுகோள். நாவலடிக் கதை எண்டு செய்யக்குள்ள மீன் ஏத்த வந்த சைக்கிள்காரன், ஐஸ்காரன், கருவாடு வாங்க வந்த காத்தான்குடி யாவாரி எல்லாரையும் போடுங்க. கரை ஒரு சாதி ஒரு மார்க்கத்துக்கு மட்டும் சொந்தமா இருந்ததே இல்ல.

வாயாடி:

மன்னிக்கணும், கொஞ்சம் கசப்பாச் சொல்லப்போறன். வயித்துக்கு வழியில்லாத நேரம் மியூசியம் கதைக்கிறம். வாவியில இப்ப போய்ப் பாருங்க, கரையோரம் மண் போட்டு நிரப்பி வேலி அடைக்கிறான், டவுன் குப்பைத் தண்ணி வருது, தங்கூசி வலை (மெல்லிய நைலோன் வலை) தடை எண்டு சொல்லுறான் எல்லாக் கடையிலயும் விக்கிது, கண்ணுக்குத் தெரியாத இறால் குஞ்சையும் அள்ளுறான். மீன் இல்லாத வாவிக்கு மீன்காரன்ட மியூசியம் எதுக்கு? மட்டக்களப்பில எந்த வளைவைக் கட்டினாலும் எந்த ரவுண்டபவுட்டிலயும் ஒரு பாடும்மீன் சிலை வெச்சிடுறாங்க, நிஜ மீனுக்கு இருக்க இடம் இல்ல.

கனடாக்காரர் அண்ணா, ஒண்டு கேக்கிறன், அந்த சொயின்டுலாவில இப்ப எத்தினை பேர் மீன் பிடிக்கிறாங்க? இல்ல எல்லாரும் ரூரிஸ்டுக்கு அறை வாடகைக்கு விடுறாங்களா?

குளிர்தேசத்து மட்டு:

நல்ல கேள்விதான் வாயாடி, நான் அதைச் சொல்லாம விட்டதுக்குக் காரணம் முதல் பதிவே ரயில் மாதிரி நீண்டு போச்சு.

இப்ப மிச்சம் குறைவு. 1996இல மிஃப்ளின் எண்ட மீன்பிடி அமைச்சர் ஒரு திட்டம் கொண்டு வந்தார், சால்மன் போட் கூடிப்போச்சு பாதியாக் குறைக்கணும் எண்டு. அரசாங்கம் காசு குடுத்து லைசன்சைத் திருப்பி வாங்கிச்சு, அதோட கடற்கரைய வலயமாப் பிரிச்சு, ஒரு லைசன்சுக்கு ஒரு வலயம்தான், ரெண்டாவது வலயத்தில பிடிக்கணும் எண்டா இன்னொருத்தன்ட லைசன்சை வாங்கி சேர்க்கணும். காசுள்ளவன் வாங்கினான், சின்ன மீன்காரன் வித்துட்டுப் போனான். சொயின்டுலா, அலர்ட் பே மாதிரி மீனை மட்டும் நம்பின ஊருக்கு அது பெரிய அடி. லைசன்ஸ் ஒருக்கா ஊரை விட்டுப் போனா திரும்பி வாறது கஷ்டம். அதால ஊரில ஜெட்டி இரிக்கி, வலைக் கொட்டில் இரிக்கி, வீட்டுக்கு வீடு சவுனா எண்ட நீராவிக் குளிப்பறை கூட இரிக்கி, போட் குறைஞ்சு போச்சு. நீங்க சொல்லுற மாதிரி அறை வாடகைக்கு விடுறவங்களும் இரிக்காங்கதான், திமிங்கிலம் பாக்க சனம் வருது.

ஆனா ஒண்டு. அந்த ஊர் மீன்காரர் ஆரம்பத்தில இருந்தே தொழிற்சங்கத்தில பலமா இருந்த ஆக்கள், விலைக்காகக் கனரிக் கம்பனிகளோட சண்டை பிடிச்ச ஆக்கள். அந்தச் சண்டைக் கதையும் பாரம்பரியம்தான். அதைத் தெரிஞ்ச ஊர் லைசன்ஸ் விசயத்திலயும் வாயத் திறந்து கதைக்கிது. எங்கட வாவிய நிரப்புறான் எண்டு நீங்க சொல்லுறீங்களே, 30 வருசத்துக்கு முதல் தண்ணி எது மட்டும் இருந்த, எந்தத் துறையில தோணி கட்டின எண்டு பெரியாக்கள்ட வாயால வரைபடம் போட்டு வெச்சா அதை நாளைக்கு கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) கொண்டு போய் மேசையில வைக்கலாம். அப்ப அது மியூசியச் சாமான் இல்ல, ஆதாரம்.

வன்கூவருக்குக் கிட்ட ரிச்மண்டில ஃபின் ஸ்லோ எண்டு இன்னொரு இடம், அதுவும் பின்லாந்து மீன்காரர்தான், ஆத்தங்கரைச் சேத்தில காலில நிக்கிற மரவீடுகள், வத்துப்பெருக்குக்குத் தக்கன தண்ணி வந்து போகும். அங்க சனத்துக்கு காணி உறுதி இல்ல, கம்பனி ஒண்டு உரிமை கேட்டு பெரிய இழுபறி. அவங்க மியூசியம் எல்லாம் வைக்கல்ல, வீட்ட விடாம அதுக்குள்ள இருந்தாங்க. நாவலடி ஆக்களுக்கு நான் இதைச் சொல்லத் தேவையில்ல எண்டு நினைக்கிறன்.

டச்பார் ரோஸ்:

நாவலடி அண்ணா, நாங்க பக்கத்து ஊர்தானே, பறங்கி ஆக்கள். அண்டைக்கு எங்கட பக்கமும் குடும்பம் குடும்பமாப் போச்சு. நீங்க எழுதினதை வாசிச்சு கன நேரம் சும்மா இருந்தன்.

எங்கட அனுபவத்தைச் சொல்றன், உதவுமெண்டா எடுங்க. எங்கட வீட்டில போத்துக்கீஸ் பாசை அம்மம்மாவோட நிண்டுட்டு, அம்மாவுக்கு விளங்கும், எனக்குத் திட்டும் சாப்பாடும் மட்டும்தான் தெரியும். ஆனா கலியாண வீட்டில கஃப்ரிஞ்ஞா எண்ட எங்கட ஆட்டப்பாட்டு அடிச்சா சின்னப் பிள்ளை கூட எழும்பி ஆடும், ஒருத்தரும் வகுப்பு வெச்சுப் பழக்கல்ல. ஆக, ஆடுறதுக்கு ஒரு கலியாணம் இருந்தா ஆட்டம் இரிக்கும். அதால கனடா அண்ணா அந்தக் கடையப் பத்திச் சொன்னது எனக்கு நல்லா விளங்கிச்சு.

போட்டோ விசயம். சுனாமியில எங்கட வீட்டில ஒரு போட்டோவும் மிஞ்சல்ல. பிறகு அவுஸ்திரேலியாவில இருக்கிற மாமாட்ட கேட்டா அவர்ட்ட ரெண்டு அல்பம் நிறைய, இங்க இருந்து அந்தக் காலம் கடிதத்துக்குள்ள வெச்சு அனுப்பினது. எங்கட வீட்டு முன்வாசல், தோணி, நாய் எல்லாம் அதில இரிக்கி. உங்கட ஊர் ஆக்களும் வெளிநாட்டுக்கு அனுப்பித்தானே இருப்பீங்க, சவூதி கட்டார் லண்டன் எண்டு, முதல்ல அங்க கேளுங்க. காசு கேக்கிறதுக்கு முதல் போட்டோ கேளுங்க, அது அவங்களுக்கும் சந்தோசம்.

ஒண்டே ஒண்டு, பெரியாக்கள்ட கதை எடுக்கப் போகக்குள்ள "சுனாமி அண்டைக்கு எங்க இருந்தீங்க" எண்டு தொடங்க வேணாம். எங்களட்ட வந்த எல்லாரும் அதைத்தான் கேட்டாங்க. கறி எப்படிக் காய்ச்சின எண்டு கேளுங்க, மறுகா அவங்களே சொல்லுவாங்க, சொல்லாட்டி விடுங்க.

பழைய பேப்பர்:

நூலகத்தில வேலை செய்து பென்சன் எடுத்த ஆள் நான், ஆரையம்பதி. எல்லாரும் நல்லாச் சொல்லியிருக்கிறீங்க, நான் கையால செய்யிற வேலையை மட்டும் சொல்றன் ஏனெண்டா அதில்தான் கூடுதலான முயற்சிகள் கெட்டுப்போறது.

போட்டோவை லேமினேட் பண்ணாதீங்க. கும்பிட்டுக் கேக்கிறன். நல்லதெண்டு நினைச்சு எல்லாரும் செய்யிறது அதுதான், ஆனா சூட்டில பிளாஸ்டிக் போட்டோவோட ஒட்டிப்போய் மறுகா எடுக்கவே ஏலாது. நம்மட ஈரக்காத்துக்கு கண்ணாடியோட ஒட்டின போட்டோவும் பழுதாகும். ஸ்கேன் பண்ணிட்டு சொந்தக்காரர்ட்டயே திருப்பிக் குடுங்க, வாங்கி வைக்கவேணாம், தொலைஞ்சா ஊருக்குள்ள நீங்க நடமாட ஏலாது. பின்பக்கம் எழுதியிருந்தா அதையும் ஸ்கேன் பண்ணுங்க. போட்டோவில நிக்கிறது யார் யார் எண்டு அந்த இடத்திலேயே கேட்டு எழுதுங்க, பேர் இல்லாத போட்டோ பத்து வருசத்தில யாரோ நாலு பேர்.

குரல் பதிவுக்குப் பெரிய மைக் தேவையில்ல, போன் காணும், ஆனா ஃபேனை நிப்பாட்டுங்க, கதவடியில கோழி இல்லாம பாருங்க. தொடங்கக்குள்ள திகதி, இடம், பேசுறவர் பேர், ஊர், கேக்கிறவர் பேர் எல்லாத்தையும் வாயாலயே சொல்லிப் பதியுங்க. இதை நெட்டில போடலாமா, குடும்பத்துக்குள்ள மட்டும் வைக்கிறதா எண்டு கேட்டு அதையும் பதியுங்க. ஒரே போனில வெச்சிருந்தா அது பதிவே இல்ல, மூண்டு இடத்தில வையுங்க, அதில ஒண்டு வேற ஊரில இருக்கட்டும். கடலோரத்து ஆக்களுக்கு இதை விளக்கத் தேவையில்ல.

வெளி இடம் எண்டா நூலகம் நிறுவனம் இருக்கு, 2005இல இருந்து ஈழத்துப் புத்தகம் பத்திரிகை எல்லாத்தையும் எண்ணிமப்படுத்தி இலவசமா வைக்கிறாங்க, அவங்கட ஆவணகத்தில போட்டோ, ஒலி, வீடியோவும் சேர்க்கிறாங்க. அவங்களோட கதைச்சா வடிவம் எப்படி, விவரம் எப்படி எழுதிற எண்டு சொல்லித் தருவாங்க. நீங்களா ஒரு வெப்சைட் செய்தா ரெண்டு வருசத்தில காசு கட்ட ஆளில்லாம மூடும், நான் கண்ட பாதி அப்படித்தான்.

தோணி, கரப்பு, அத்தாங்கு மாதிரி மீன்பிடிச் சாமான்களுக்கு ஏசி கண்ணாடி அறை வேணாம். நல்லா காத்துப்போற கிடுகுக் கொட்டில் காணும். தோணியை வெயிலில விட்டா வெடிக்கும், மண்ணில வெச்சா கறையான் தின்னும், கல்லு வெச்சுத் தூக்கி நிழலில வையுங்க. தயவுசெய்து மினுங்குற வார்னிஷ் அடிக்காதீங்க. எங்கட ஊர் மண்டபத்தில ஒரு வண்டிலுக்கு அடிச்சு அது இப்ப கலியாண வீட்டு செட் மாதிரி நிக்கிது.

காக்கா சொன்ன தோணி செய்யிற யோசனைதான் எனக்கு ஆகப் பிடிச்சது. கிழக்குப் பல்கலைக்கழகத்திலயும் கல்லடி விபுலானந்தா அழகியல் கற்கைகள் நிறுவகத்திலயும் பிள்ளைகள் ஆய்வுக்கு விசயம் தேடி அலையிறாங்க, ஒருத்தரைப் பிடிச்சா வீடியோ எடுக்கவும் எழுதவும் ஆள் வரும்.

வாயாடி:

சரி நான் கத்தினதை வாபஸ் வாங்கல்ல, ஆனா அந்த வரைபடம் போடுற வேலைக்கு என்னைச் சேருங்க. எனக்கு ஜிபிஎஸ், கூகுள் எர்த் எல்லாம் தெரியும். அப்பா இப்பவும் வீச்சுவலைதான், வாவியில எந்த இடத்தில எந்த மாசம் திரளி மணலை வரும் எண்டு அவர்ட தலைக்குள்ள இரிக்கி. வாயத் திறக்க வைக்கிறதுதான் கஷ்டம், மீன் இடத்தைச் சொன்னா நாளைக்கு எல்லாரும் அங்க வந்து நிப்பான் எண்டு பயம்.

நிந்தவூர் காக்கா:

அந்தப் பயம் ஞாயம்தான் மனே. மீன் இடத்த வெளிய போடாதீங்க, துறை, பழைய கரை, பாடு மட்டும் போடுங்க. தொழில் ரகசியத்த வெளியாக்கினா மறுகா ஒருத்தனும் ஒங்களோட கதைக்க மாட்டான்.

நாவலடியான்:

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு வரும் எண்டு நினைக்கல்ல. நேத்து ராத்திரி கழகத்தில இந்தத் திரெட்டை முழுக்க வாசிச்சுக் காட்டினன். ரெண்டு பேர் இப்பவும் கட்டிடம்தான் வேணும் எண்டு நிக்கிறாங்க, கட்டிடம் இல்லாட்டி காசு தாறவர் கோவிப்பாராம். அவருக்கு நான் போன் எடுத்து முதல்ல உங்கட வீட்டுப் பழைய போட்டோ ஏதும் இரிக்கா எண்டு கேட்டன், ரோஸ் தங்கச்சி சொன்ன மாதிரி. மனிசன் அரை மணித்தியாலம் கதைச்சார், கட்டிடத்தைப் பத்தி ஒரு சொல்லும் எடுக்கல்ல. அவர்ட அப்பாட தோணியோட எடுத்த படம் இரிக்காம், அனுப்புறன் எண்டார்.

இப்ப யோசிச்சிருக்கிறது, நாவலடியில தூபிக்குக் கிட்ட ஒரு கிடுகுக் கொட்டில், அதுக்குள்ள ஓடாவி ஒருத்தரை வெச்சு தோணி வேலை. காணி ஆர்ட பொறுப்பு எண்டு பிரதேச செயலகத்தில கேக்கணும். வாடை தொடங்கினா கொட்டில் நிக்காது எண்டு பெரியாக்கள் சொல்லுறாங்க அதால தைக்குப் பிறகுதான். அதுக்குள்ள பெரியாக்கள்ட குரலைப் பதிய வெளிக்கிடுறம், முதல் ஆள் என்ட பெத்தாதான், அவ கருவாடு போட்ட கதையில இருந்து தொடங்கிறன்.

காக்கா, அந்த ஓடாவிமார்ட விவரம் இன்பொக்ஸில போடுங்க. ஒரு கேள்வி, இப்ப தோணிக்கு என்ன மரம் எடுக்கலாம், பெர்மிட் இல்லாம கிடைக்கிற மரம் ஏதும் இரிக்கா?

நிந்தவூர் காக்கா:

பெர்மிட் இல்லாம ஒண்டும் எடுக்காதீங்க, வீடியோவும் எடுக்கப்போறீங்க, அதுவே சாட்சியாப் போயிரும். மரக்காலையில சீட்டோட வாங்குங்க. என்ன மரம் எண்டு நான் செல்லுறதவிட ஓடாவிய கையோட கூட்டிட்டுப் போங்க, அவர் தட்டிப் பாத்துச் செல்லுவார். அதையும் வீடியோ எடுங்க.